மூன்று கல்

பஞ்சாலை மேலாளர் வைத்தியலிங்கத்துக்கு மாதம் நான்கு நாள் காடு வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது, கண்டவர் மேல் எல்லாம் எரிந்து விழுவார். மலைக்காட்டில் இருந்த சங்கிலிச்சாமியை அவர் குருவாக ஏற்று மூன்று வருஷம் ஆகிறது. சாமிக்கு இவரைவிடப் பத்து வயது குறைவு. பேச்சும் குறைவு.

போன மாதம் வந்தவர் ஓடையில் காலை நனைத்ததும் பெருமூச்சு விட்டார்.

“பாரம் இறங்கிருச்சு சாமி.”

“ஆலைச் சாவியை யார்கிட்ட குடுத்துட்டு வந்தீங்க?”

“பூரணின்னு ஒரு பொண்ணு. எனக்கு அடுத்த பொறுப்பு. கெட்டிக்காரி, சமாளிச்சிடும்.”

பூரணிக்கு அது ஏழாம் மாதம். இந்த ஒரு தடவை போகாதீங்க சார், நிக்க முடியலை என்று அவள் கேட்டதை அவர் சொல்லவில்லை. மறந்தே போயிருந்தார். அவ்வளவு நல்ல காடு அது.

ஊர் திரும்பினால் ஆலை வாசலில் கூட்டம். இரண்டு ஷிப்டும் சேர்த்து நின்றவள் படிக்கட்டில் மயங்கி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் தாயும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது. அவள் முந்தானையில் முடிந்திருந்த சாவிக்கொத்தைப் புருஷன் கொண்டுவந்து வைத்தியலிங்கத்தின் கையில் கொடுத்தான். கொடுத்ததும் திரும்பி நடந்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுபடி காட்டுக்கே ஓடிவந்தார். நடந்ததைச் சொல்லி அழுதார். எட்டு நாள் இருந்தும் மனம் அடங்கவில்லை.

“இந்தக் காடும் என்னைக் கைவிட்டுருச்சே, ஏன் சாமி?”

சாமி ஓடைக்கரையில் கிடந்த மூன்று நீளக் கற்களைக் காட்டினார். இருவருமாக உருட்டியும் இழுத்தும், நாளுக்கு ஒரு கல்லாக, விறகுக்காரர்கள் நடக்கிற பாதைக்குக் கொண்டுசேர்த்தார்கள். இரண்டு கல்லை நட்டு மூன்றாவதை மேலே ஏற்றியதும் வைத்தியலிங்கம் பாதையோரம் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையைச் சுமந்தபடியே செத்தவளுக்கு வைக்கிற சுமைதாங்கி அது. யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வழியாக வந்த ஒருத்தி விறகுக்கட்டை அதன்மேல் இறக்கிவைத்துக் கழுத்தைத் தடவிக்கொண்டாள். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனாள்.

வைத்தியலிங்கம் மடியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார். கல்லின் மேல் வைக்கப் போன கையைச் சாமி பிடித்துக்கொண்டார்.

“இது சுமக்கிறவங்க இறக்கி வைக்கிற கல்லு. நீங்க இன்னும் தூக்கவே இல்லையே.”