அரிசிக்குச் செத்தவன்

தாசில்தார் நீலமேகத்துக்குத் தர்க்கம் என்றால் உயிர். சட்டம் படித்த மனுஷன். யார் எதைக் கேட்டு வந்தாலும், "இதில் தர்க்கம் எங்கே?" என்பார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. போகட்டும்.

பிரகாசி கருவாடு விற்கிறவள். அவள் புருஷன் சூசை கடலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது; படகு மட்டும் கரை ஒதுங்கியது. தகப்பனில்லாப் பிள்ளைகளுக்கான விடுதியில் மகளைச் சேர்க்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றாள்.

"உடலைக் காட்டு" என்றார் தாசில்தார். "உடல் இல்லையென்றால் சாவு இல்லை. ஆகவே உன் புருஷன் உயிரோடு இருக்கிறான். இதுதாம்மா தர்க்கம்."

"ரொம்ப சந்தோஷம் ஐயா. அப்ப ரேஷன் கார்டுல அவரு பேரைத் திரும்பச் சேத்துடுங்க."

"அதெப்படி? கைரேகை வைக்க ஆள் வரலைன்னுதானே நான் நீக்கினேன்! இல்லாத ஆளுக்கு எதுக்கு அரிசி?"

"அரிசின்னா செத்துட்டாரு, சான்றிதழ்னா உயிரோட இருக்காரா? உங்களுக்கு ஃபைலுக்கு ஒரு தர்க்கம் ஐயா. கடல்ல எங்களுக்கு ஒண்ணுதான். படகு வந்து ஆள் வரலைன்னா, ஆள் இல்லை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தாசில்தார் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

பிரகாசியும் சிரித்துக்கொண்டேதான் தாளை வாங்கினாள். வாசலில் நின்று சூசையின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். எங்காவது கரையேறியிருப்பான் என்றே இத்தனை நாளும் இருந்தவள் அவள். அவன் செத்துப்போனதை இப்போது ஊர் முன்னால் வாதாடி நிரூபித்ததும் அவள்தான்.

அப்படியே படியில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனுக்காக அழுதாள்.