பேன் காட்டிய வழி

அருவிச் சத்தம் கேட்கும் ஒரு காட்டில் வடிவாம்பாள் என்ற மந்தி, தன் மகள் சிட்டுவோடு ஓர் இலுப்பை மரப் பொந்தில் வாழ்ந்துவந்தாள். அவளைப்போல் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பவர் அந்தக் காட்டிலேயே இல்லை. அதை அவளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள், குழந்தைகளே.

ஒருநாள் சிட்டு தலையைச் சொறிந்தாள். சொறிந்து சொறிந்து காதோரம் புண்ணாகிவிட்டது. அடுத்த நாள் தாய்க்கும் அரித்தது.

"என் வீட்டிலா பேன்? வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே" என்று வடிவாம்பாள் கலங்கினாள். மற்றக் குரங்குகளிடம் தலையைக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் சொறிந்த வேகத்தில் ஒரு கிழட்டுப் பேன் விரலில் சிக்கியது. நசுக்கப் போனாள்.

"என்னைக் கொன்று என்ன பயன், அம்மா?" என்றது பேன். "என் சொந்தக்காரர்கள் எல்லோரும் உங்கள் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். ஆறு மாதம் பட்டினி கிடந்தாலும் நாங்கள் சாகமாட்டோம். என்னை விட்டால், அவர்கள் இருக்கும் இடத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்."

"எங்கிருந்து சொல்வாய்?"

"உங்கள் தலையிலிருந்துதான். உயரமான இடம், எல்லாம் தெரியும்."

அது சரியாகத்தான் பட்டது வடிவாம்பாளுக்கு. பேனைப் பத்திரமாகத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"படுக்கையில்" என்றது பேன். புல் படுக்கையை ஆற்றில் எறிந்தாள். "சுவரில்" என்றது. பொந்தைச் சுரண்டி வேப்பிலையை அரைத்துப் பூசினாள். "கிளையில்" என்றது. கிளை கிளையாகக் கழுவினாள். அருவியிலிருந்து தண்ணீர் சுமந்தே சிட்டு இளைத்துப்போனாள். தலையில் இருந்த பேன்களோ வயிறு முட்டக் குடித்தன, ஈர் வைத்தன, பிள்ளைகுட்டிகளோடு பெருகின.

எட்டாம் நாள் பேனுக்குச் சொல்ல இடம் தீர்ந்துவிட்டது. சற்று யோசித்து, "பக்கத்துக் கிளையில், அணில் கூட்டில்" என்றது.

வடிவாம்பாள் உடனே போய்க் கூட்டில் கை வைத்தாள்.

"அக்கா, என் குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. கூட்டைப் பிரித்தால் நான் எங்கே போவேன்?" என்றாள் அணில். "இங்கே பேன் இருப்பதாக யார் சொன்னது?"

"என் தலையில் இருக்கும் பேன் சொன்னது. ஆறு மாதம் பட்டினி கிடந்தாலும் சாகாதாம்."

அணிலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அவ்வளவு கெட்டிக்காரப் பேனா? நான் பார்க்கலாமா?"

பேன் பெருமையாக நெற்றிக்கு இறங்கி வந்தது.

"ஆறு மாதம் பட்டினி கிடப்பீர்களாமே, ஐயா" என்றாள் அணில். "நாளை உச்சிவரை மட்டும் இந்த இலையில் இருந்து காட்டுங்கள். இருந்துவிட்டால் என் கூட்டை நானே பிரித்துவிடுகிறேன்."

பேன் தயங்கியது.

"ஒரு நாள்தானே, இருந்து காட்டு" என்று வடிவாம்பாளே அதை எடுத்து இலையில் விட்டாள்.

மறுநாள் காலையில் பேனால் நிமிர முடியவில்லை. வெயில் ஏற ஏறக் கால்கள் துவண்டன.

"அம்மா, என்னைத் தலையில் ஏற்றிவிடுங்கள். ஒரு வாய் இரத்தம் கிடைத்தால் போதும்" என்று அது முனகியது.

"ஆறு மாதம் என்றாயே?"

"அது தலையில் இருந்தால், அம்மா."

உச்சிப்பொழுதுக்குள் பேன் செத்துப்போனது.

வடிவாம்பாள் மகளின் மெலிந்த கைகளைப் பார்த்தாள். பிறகு அணிலிடம், "மன்னித்துவிடு, தங்கச்சி" என்றாள்.

"நாளைக்கும் தண்ணீர் தூக்க வேண்டுமா, அம்மா?" என்று சிட்டு கேட்டாள்.

"வேண்டாம். என்னோடு வா."

இருவரும் ஆலமரத்துக்குப் போனார்கள். அங்கே குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றின் தலையில் ஒன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.

நீதி: யோசனை சொல்பவர் எங்கே உட்கார்ந்து சொல்கிறார் என்று பார்த்த பிறகே அதைக் கேட்க வேண்டும்.