புது டேப்லெட்டும் ஒற்றை மரப்பாலமும்

காட்டாறு ஒன்றின் நடுவே நாணல் அடர்ந்த திட்டு ஒன்று இருந்தது. அங்கே முயல்களும் முள்ளம்பன்றிகளும் வளை தோண்டி வாழ்ந்தன. நரி அந்தப் பக்கம் வராது. புல்லுக்கும் கிழங்குக்கும் குறைவில்லை.

ஒரே ஒரு பயம்தான் உண்டு. ஆற்றின் மேற்பகுதியில் ஓர் அணை இருந்தது. அதன் மதகுகளைத் திறந்தால் திட்டு மூழ்கிவிடும்.

தப்பிக்க வழியும் ஒன்றே ஒன்றுதான். திட்டிலிருந்து கரைவரை ஒரு நாவல் மரம் விழுந்து கிடந்தது. அதுதான் பாலம். ஒன்றன் பின் ஒன்றாகத்தான் அதில் நடக்க முடியும்.

அணையிலிருந்து வரும் எச்சரிக்கையைப் பார்க்க அந்தப் பிராணிகளிடம் ஒரு டேப்லெட் இருந்தது. பழைய மாடல். வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறும். செய்தி வந்தால் மணி அடிக்கும். தொட்டால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். கொஞ்ச நேரம் சுற்றிய பிறகுதான் எழுத்துகள் தெரியும்.

திட்டின் தலைவன் பஞ்சன் என்ற முயல். டேப்லெட் அதன் பொறுப்பில் இருந்தது.

கடந்த மழைக்காலத்தில் ஒருநாள் மணி அடித்தது. பஞ்சன் திரையைத் தொட்டது. வட்டம் சுற்றத் தொடங்கியது.

"சீக்கிரம்! சீக்கிரம்!" என்று பஞ்சன் பின்னங்காலால் தரையைத் தட்டியது.

வட்டம் நின்றது. 'மதகு திறக்கப்படுகிறது' என்று சிவப்பு எழுத்து தெரிந்தது. பஞ்சன் குரல் கொடுத்தது. டேப்லெட்டைக் கவ்விக்கொண்டு முதல் ஆளாகப் பாலத்தில் ஓடியது. கரைக்குப் போய் எல்லோரும் தங்க மேடான இடம் பார்ப்பது தலைவனின் வேலை. அது திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறிவிட்டது.

அன்று எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் கடைசியாக வந்த முயல்கள் கழுத்துவரை நனைந்திருந்தன. பஞ்சனின் மனைவி தாழையும் குட்டிகளும் நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள்.

"எல்லாம் இந்த டேப்லெட்டால் வந்த வினை!" என்று பஞ்சன் கத்தியது. "வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது! இன்னொரு தடவை இதை நம்பினால் செத்தோம்!"

அந்த வெள்ளம் வடிந்தபோது திட்டின் ஓரத்தில் நிறைய மூங்கில்கள் ஒதுங்கியிருந்தன. எல்லோரும் சேர்ந்து அவற்றை இழுத்துத் திட்டின் மேட்டில் போட்டார்கள். கோரைப்புல்லைக் கயிறாக முறுக்கி மூங்கிலைக் கட்டுக்கட்டாகக் கட்டினார்கள். நாவல் மரத்தை ஒட்டி மூங்கிலைப் பரப்பிப் பாலத்தை அகலமாக்க வேண்டும் என்பது முள்ளி என்ற முள்ளம்பன்றியின் யோசனை. எல்லோரும் சரி என்றார்கள்.

வேலை தொடங்கும் முன் கரையிலிருந்து சவ்வாது வந்தது. அது ஒரு புனுகுப்பூனை. பழையதை வாங்கிப் புதியதை விற்பதுதான் அதன் தொழில். அது வந்து நின்றாலே அந்த இடம் மணக்கும்.

"பஞ்சண்ணே, இதைப் பாருங்கள்!" என்று அது ஒரு டேப்லெட்டை நீட்டியது. மெல்லியது. கண்ணாடிபோல் பளபளத்தது. "புது மாடல். ஒரு தடவை தொட்டுத்தான் பாருங்களேன்!"

பஞ்சன் தொட்டது. தொட்ட கணமே அணையின் படம் திரை முழுக்க விரிந்தது. வட்டம் எதுவும் சுற்றவில்லை.

"அடேயப்பா!" என்றது பஞ்சன்.

"உங்கள் பழையதைவிடப் பல மடங்கு வேகம். ஆபத்து நேரத்தில் ஒவ்வொரு நொடியும் ஓர் உயிர் இல்லையா, அண்ணே?"

பஞ்சனின் காதுகள் நிமிர்ந்தன. "இதற்கு என்ன வேண்டும்?"

"உங்கள் பழைய டேப்லெட்டைக் கொடுங்கள். அதோ கிடக்கிறதே, அந்த மூங்கில் கட்டுகளையும் கொடுங்கள். கரையில் ஒரு கடை போடலாம் என்றிருக்கிறேன்."

திட்டில் கூட்டம் கூடியது.

"மூங்கிலைக் கொடுத்தால் பாலம் என்ன ஆவது?" என்று முள்ளி கேட்டது. ஆனால் அதன் கண்ணும் புதுத் திரையை விட்டு அகலவில்லை.

"எச்சரிக்கை சீக்கிரம் வந்தால் நாம் சீக்கிரம் கிளம்பலாம். சீக்கிரம் கிளம்பினால் இருக்கிற பாலமே போதும்!" என்றது பஞ்சன்.

இளம் முயல்கள் ஆரவாரம் செய்தன. "புதுசு வாங்கலாம்! புதுசு வாங்கலாம்!"

தாழை மட்டும் கணவன் பக்கத்தில் வந்தது. "என்னங்க, எனக்கு அந்த வட்டத்தைக் கண்டு பயமில்லை. அந்த மரத்தைக் கண்டுதான் பயம்."

"உனக்கு ஒன்றும் தெரியாது. டேப்லெட் முன்னால் நின்று தவித்தவன் நான்!"

"மரத்தின் முன்னால் நின்று தவித்தவள் நான்."

"சும்மா இரு, தாழை! நல்ல காரியம் நடக்கும்போது குறுக்கே பேசாதே!"

பழைய டேப்லெட்டும் மூங்கில் கட்டுகளும் கரைக்குப் போயின. புது டேப்லெட் திட்டுக்கு வந்தது.

சில நாட்கள் கொண்டாட்டமாக இருந்தது. திரையை ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள். மேகப் படங்களைப் பார்த்தார்கள். அணையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பாலத்தின் பக்கம் யாரும் போகவில்லை.

ஒரு பிற்பகல். வானம் இருண்டு வந்தது. மலைப்பக்கம் இடி உருண்டது. தாழை குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

மணி அடித்தது!

பஞ்சன் தொட்டது. அந்தக் கணமே சிவப்பு எழுத்து பளிச்சிட்டது. 'எல்லா மதகுகளும் திறக்கப்படுகின்றன!'

"பார்த்தீர்களா! எவ்வளவு வேகம்!" என்று பஞ்சன் கூவியது. "கிளம்புங்கள்! எல்லோரும் கிளம்புங்கள்!"

அது டேப்லெட்டைக் கவ்விக்கொண்டு பாலத்தில் பாய்ந்தது. சில தாவல்களில் கரையை அடைந்தது. மேட்டில் ஏறப் போனது. ஆனால் அன்று அதற்குப் பெருமை தாங்கவில்லை. 'எவ்வளவு சீக்கிரம் தப்பித்தோம் என்று பார்ப்போம்' என்று நினைத்து முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தது.



பாலத்தில் முயல்கள் இருந்தன. ஆனால் அவை நகரவில்லை. நடுவில் முள்ளி மாட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் ஒரு கிளை மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்ட முள்ளி தன் முட்களை ஒடுக்கி அங்குலம் அங்குலமாக நகர வேண்டியிருந்தது. பின்னால் வந்த முயல்கள் அதை நெருங்க முடியாமல் நின்றன. அவற்றின் பின்னால் இன்னும் சில முயல்கள். அவற்றின் பின்னால் திட்டின் கரையில் ஒரு பெருங்கூட்டம்.

கூட்டத்தின் கடைசியில் தாழை நின்றது. அதன் காலடியில் குட்டிகள்.

"தள்ளாதே! முள் குத்துகிறது!"

"முன்னால் போங்கள்! போங்களேன்!"

"முள்ளி அக்கா! சீக்கிரம்!"

"முடியவில்லையே! வழுக்குகிறதே!" என்று முள்ளி அழுதது.

அப்போது கானாங்கோழி ஒன்று மேலே படபடவென்று பறந்து வந்தது. "வெள்ளம் வளைவைத் தாண்டிவிட்டது! சுவர் மாதிரி வருகிறது!"

ஆற்றின் நிறம் மாறியது. செம்மண் நீர் நாணலைச் சாய்த்துக்கொண்டு ஏறியது. திட்டின் விளிம்பு மறைந்தது. தாழை ஒரு குட்டியைக் கவ்வித் தன் முதுகில் ஏற்றியது. இன்னொன்றை வாயில் தூக்கியது. மூன்றாவது அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டு கத்தியது.

பஞ்சன் பாலத்தில் கால் வைத்தது. எதிரே வரிசை வந்துகொண்டிருந்தது. அது உள்ளே நுழைந்தால் வருகிறவர்கள் ஆற்றில் விழுவார்கள். அது காலைப் பின்னால் இழுத்தது. நின்ற இடத்திலேயே சுற்றியது.

அப்போதுதான் அதன் கண்ணில் அந்த மூங்கில் கட்டுகள் பட்டன. சவ்வாது இன்னும் கடை போடவில்லை. கட்டுப் பிரிக்காமல் கரையில் அடுக்கி வைத்திருந்தது. சவ்வாது பக்கத்து மரத்தின் மேல் பாதுகாப்பாக உட்கார்ந்திருந்தது.

"சவ்வாது! அந்த மூங்கிலைக் கொடு! அங்கே உயிர் போகிறது!"

சவ்வாது தலையைச் சாய்த்தது. "கொடுக்கல் வாங்கல் முடிந்துபோயிற்றே, அண்ணே. அது என் சரக்கு."

"என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்!"

"அப்படியானால் அந்தப் புது டேப்லெட்..."

சவ்வாது சொல்லி முடிக்கவில்லை. பஞ்சன் டேப்லெட்டை அதன் மரத்தடியில் வீசிவிட்டு மூங்கில் கட்டைக் கவ்வியது. இழுத்தது. கட்டு அசையவில்லை.

"யாராவது வாருங்கள்!"

முள்ளி அப்போதுதான் கரையில் கால் வைத்தது. மூச்சு வாங்கியது. ஆனாலும் ஓடி வந்து தோளைக் கொடுத்தது. கரை சேர்ந்த முயல்கள் ஓடி வந்தன. சவ்வாதும் டேப்லெட்டை எடுக்கத்தான் இறங்கி வந்தது. வந்த இடத்தில் குட்டிகளின் அலறல் அதன் காதில் விழுந்தது. அது ஒரு கணம் நின்றது. பிறகு முணுமுணுத்துக்கொண்டே மூங்கிலின் மறுமுனையைப் பிடித்தது.

"வெள்ளம் வருகிற பக்கமாகப் போடுங்கள்!" என்று முள்ளி கத்தியது. "தண்ணீரே அதை மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும்!"

மூங்கில் கட்டை நாவல் மரத்தின் ஓரமாக நீட்டித் தள்ளினார்கள். வெள்ளம் அதை மரத்தின்மேல் மோதியது. மூங்கில் முறுமுறுத்தது. அங்கேயே நின்றது.

"இந்தப் பக்கமும் வாருங்கள்! இரண்டு வரிசையாக வாருங்கள்!" என்று பஞ்சன் அலறியது.

முயல்கள் மூங்கிலில் பாய்ந்தன. மரத்திலும் பாய்ந்தன. நின்றிருந்த கூட்டம் உருண்டு வருவதுபோல் கரையில் வந்து விழுந்தது.

கடைசியில் தாழை. தண்ணீர் அதன் நெஞ்சைத் தொட்டிருந்தது. முதுகில் ஒரு குட்டி, வாயில் ஒரு குட்டி. மூன்றாவது முன்னால் ஓடியது. பாதி வழியில் நாவல் மரம் சற்றே புரண்டது. தாழையின் பின்னங்கால் மரத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவே சிக்கியது.

இம்முறை எதிரே வருவதற்கு யாரும் இல்லை. பஞ்சன் பாய்ந்து ஓடியது. தாழையின் வாயிலிருந்த குட்டியைப் பின்னால் வந்த முள்ளியிடம் தள்ளியது. மூங்கிலைப் பல்லால் கடித்து நெம்பியது. வாயில் ரத்தம் வந்தது. கால் விடுபட்டது.

"ஓடு, தாழை!"

அவர்கள் கரையில் விழுந்ததும் நாவல் மரம் மூங்கிலோடு சேர்ந்து புரண்டு வெள்ளத்தில் போனது.

பஞ்சன் குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்தது. தாழையின் கால் வீங்கியிருந்தது. அது கணவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பஞ்சனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"போன வெள்ளத்திலும் இப்படித்தானா?" என்று பஞ்சன் மெல்லக் கேட்டது.

"போன வெள்ளத்திலும் இப்படித்தான். நீங்கள்தான் மேட்டில் இருந்தீர்களே."



வெள்ளம் வடிந்தது. தாழையின் கால் முழுவதும் குணமாகவில்லை. அது நொண்டித்தான் நடந்தது. திட்டின் பிராணிகள் எல்லாம் காட்டுக்குள் போய் மூங்கில் தேடின. புதுப் பாலம் கட்டின. முள்ளி தன் முட்களை விரித்துக்கொண்டு நடந்தாலும் பக்கத்தில் இன்னொருவர் போகும் அளவுக்கு அது அகலமாக இருந்தது.

பழைய டேப்லெட்டை வாங்க ஆளில்லாமல் சவ்வாது வைத்திருந்தது. ஒரு சுமை கிழங்கு கொடுத்து அதைத் திருப்பி வாங்கினார்கள். புது டேப்லெட்டை ஒரு நீர்நாய் வாங்கியது. ஆறு முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்து, மீன் கூட்டம் எங்கே ஓடுகிறது என்று துரத்துவது அதன் பிழைப்பு. பழைய மாடலில் படம் வருவதற்குள் மீன் போய்விடும்.

"உனக்கு இது தேவைதான்," என்றது பஞ்சன். மனதாரச் சொன்னது.

அடுத்த மழைக்கு அணை மீண்டும் திறக்கப்பட்டது. கூட்டம் இரண்டு வரிசையாகப் பாலத்தில் ஓடியது. யாருடைய வயிறும் நனையவில்லை. மேடான இடம் பார்க்கும் வேலையைப் பஞ்சன் முள்ளியிடம் கொடுத்துவிட்டிருந்தது. எல்லோரும் கடந்த பிறகு, திட்டில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, அது கடைசியாகப் பாலத்தில் ஏறியது.

தாமதம் எங்கே நேர்கிறது என்று பார்க்காமல் வேகமான கருவியை வாங்குகிறவர்கள் ஆபத்தைச் சீக்கிரமாக அறிந்துகொள்வார்களே தவிர, அதிலிருந்து சீக்கிரமாகத் தப்பிவிட மாட்டார்கள்.