பானை எவ்வளவு பெரிசு?

“காத்தை நம்பலாமா, சாமியம்மா?”

கேட்டவர் மாசிலாமணி. மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபது.

சாமியம்மாவுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனைக்கல் கணவாயின் அடிவாரத்தில் ஒரு ஓலைக்கூரை, ஒரு மண்பானை, ஒரு தூக்குவாளி. அவ்வளவுதான் மடம். அவரை ஏன் குருவாக ஏற்றுக்கொண்டார் என்று கேட்டால் மாசிலாமணிக்குச் சொல்லத் தெரியாது. இங்கே வந்தால் சிரிப்பு வரும். வேறெங்கும் வருவதில்லை.

“என்ன அவசரம்?” என்றார் சாமியம்மா.

“சாயங்காலம் ஊர்க்கூட்டம். அனல் மின்நிலையம் பழசாயிட்டுது. இடிச்சுட்டு மறுபடி நிலக்கரியிலேயே கட்டணுமா, இல்ல காத்தாடி, சூரியத்தகடுன்னு மாறணுமான்னு நான் சொல்லணும். ஏழு ஊரும் என் வாயைத்தான் பார்த்துட்டிருக்கு.”

“சொல்லிருங்களேன்.”

“மாறலாம்னு சொல்லி, ஒரு ராத்திரி விளக்கு அணைஞ்சா என்னைத் தெருவுல நடக்க விடுவாங்களா? கரின்னு சொன்னா, பேத்தி மூச்சிரைக்கிறதைக் கேட்டுக்கிட்டே கிடக்கணும். வீட்டுக்குள்ள சாம்பல் விழுது.”

சாமியம்மா கன்னத்தை உப்பி, காற்றாகவே பேசினார்: “‘ஆடியில வாடா, அள்ளித் தாரேன். ஐப்பசியில வாசல் பக்கம் வந்துராதே!’”

அடுத்து சூரியனின் குரல். அசல் ரேஷன் கடைக்காரர் குரல்: “‘ஆறு மணி ஆச்சு. கடை அடைச்சாச்சு. நாளைக்கு வாங்க!’”

“அதேதான் சாமியம்மா! ரெண்டு பேரையும் எப்படி நம்புறது?”

“பசிக்குது. வாளியை எடுங்க.”

சொந்த ஊர்த் தெருவில், பிச்சைக்கான தூக்குவாளியுடன், மாசிலாமணி. தலைக்குத் துண்டு போட்டு முகத்தை மறைத்துக்கொண்டார்.

“துண்டை எடுங்க. திருட வந்த மாதிரி இருக்கு.”

முதல் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. அடுப்பில் ஆட்டுக்கறி. “உங்களுக்கு ஆகாதே சாமி!” என்று கையைப் பிசைந்தாள் வீட்டுக்காரி.

இரண்டாவது வீடு பூட்டு.

மூன்றாவதில் மாட்டுக்கொட்டிலிலிருந்து வந்த பல்லில்லாத இருளப்பன் அரைச் சொம்பு கம்பங்கூழ் ஊற்றினார். “நேத்தே வந்திருக்கக் கூடாதா? பணியாரம் இருந்துச்சே!”

நான்காவதில் துவையல் மட்டும்.

ஐந்தாவது வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை. “அந்த மனுஷன் சாப்பிட வேண்டாம்! நீங்க பிடிங்க!” என்று தங்கப்பூ பானைச் சோற்றை அப்படியே வாளியில் கவிழ்த்தாள். உள்ளே புருஷன், “அடியே, எனக்கு?” என்றான்.

வழிநெடுக சாமியம்மா அந்த “அடியே, எனக்கு?” என்பதையே சொல்லிச் சொல்லிக் காட்டினார். மாசிலாமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மடத்துக்குத் திரும்பி உண்டு முடித்தார்கள். சோறு மிஞ்சியது.

“ஒரு வீடும் சரியில்லையே சாமியம்மா. மில்காரர் வீடு இருக்கே. அங்க மட்டும் போனா தினமும் இலை போடுவாங்களே?”

“போட்டாங்க. ஒரு வருஷம் அங்கதான் சாப்பிட்டேன். அப்பளம் பாயசத்தோட.”

“அப்புறம்?”

“மில்காரரோட ஆத்தா செத்துப்போச்சு. துக்க வீட்டுல அடுப்பு எரியலை.”

“மத்த வீடுங்க?”

“போனேன். ‘யாரும்மா நீ, எந்த ஊரு?’ன்னு கேட்டாங்க.”

மாசிலாமணிக்குப் போன சித்திரை ஞாபகம் வந்தது. மின்நிலையத்தில் பாய்லர் குழாய் வெடித்து, மின்சாரமில்லாமல் ஏழு ஊரும் விசிறிமட்டையோடு வாசலில் கிடந்த வாரம்.

ஆனாலும் விடவில்லை. “எல்லா வீடும் ஒரே நாள்ல கதவைச் சாத்திட்டா?”

சாமியம்மா மிஞ்சிய சோற்றைப் பானையில் போட்டார். மேலே தண்ணீர் ஊற்றினார். தட்டால் மூடினார்.

“நாளைக்குக் காலையில பழையது இருக்கு. வர்றீங்களா?”

மாசிலாமணி பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கையால் தட்டிப் பார்த்தார். சின்னப் பானை.

“இது ஒருத்தருக்குத்தான் காணும்,” என்றார்.

“ஒருத்திதானே இருக்கேன்!”

சாயங்காலம் ஆலமரத்தடி நிறைந்திருந்தது. முன்வரிசையில் நிலக்கரி காண்டிராக்டர், சந்தனப் பொட்டோடு. மாசிலாமணி எழுந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அச்சு அசலாக மாசிலாமணியின் குரல். அதே இழுப்பு, அதே புலம்பல்.

“காத்தை நம்பலாமா, இன்ஜினியரே?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாசிலாமணியும் சிரித்துவிட்டார்.

“நம்ப முடியாது,” என்றார்.

காண்டிராக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

“சூரியனையும் நம்ப முடியாது. ரெண்டு பேரு வீட்டுக்கும் போவோம். இருளப்பன் மாட்டுச் சாணத்துல வர்ற கேஸையும் விடக்கூடாது.” மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “இப்ப எல்லாரும் கிட்ட வாங்க. மிஞ்சின கரண்டைச் சேர்த்து வைக்க ஏழு ஊருக்கும் பானை எவ்வளவு பெரிசு வேணும்னு பேசுவோம்.”