ஈவனுக்குச் சேர்த்த சுருதி

மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க ஸ்காட்லாந்து போயிருந்தபோது, எதிர்வீட்டு ஐலா அம்மா சொன்னது இது. மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அது நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத் தொழிலாளிகளே சேர்ந்து பேக்பைப், அதாவது தோல்பையில் காற்றை நிரப்பிக் குழல்களில் ஊதுகிற வாத்தியம், வாசிக்கும் பேண்டு ஒன்று வைத்திருந்தார்கள். கூட வேலை பார்த்தவர் யார் செத்தாலும் கல்லறைவரை பேண்டு வாசித்துக்கொண்டே போகும். அப்பன் பாட்டன் காலத்து வழக்கம்.

சுரங்கம் சரிந்து ஈவன் செத்தான். அவனுக்குப் பேண்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் ஊரே வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தபோது, முதலாளி சொல் கேட்டு வேலைக்கு இறங்கினவன் அவன்.

“கருங்காலிக்கு வாத்தியம் ஒரு கேடா?” என்றான் டிரம் அடிக்கிற டூகல்.

ஈவனின் தம்பி நீலும் அந்தப் பேண்டில் வாசிப்பவன்தான். தனக்குக் கற்றுக்கொடுத்த லாக்லனைத் தேடிப் போனான். அவர் வீட்டு மூலையில் தொட்டில் வெறுமையாகக் கிடந்தது. வேலைநிறுத்தக் குளிரில், பாலுமில்லாமல் கணப்புக்குக் கரியுமில்லாமல் செத்துப்போன அவர் குழந்தையின் தொட்டில்.

“ஐயா, நீங்களாவது அண்ணனுக்கு வாசிப்பீங்களா?”

“மாட்டேன்.”

“நான் தனியா வாசிச்சா?”

“பேண்டை விட்டு விலக்கிடுவாங்க.”

“நீங்களுமா?”

“போய் அண்ணனைக் குளிப்பாட்டு” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் கல்லறை வாசலில் நீல் தனியாக நின்று ஊதினான். குளிரில் தோள்மேல் இருந்த மூன்று குழல்களும் ஒன்றோடொன்று சேராமல் அலறின. இரண்டு கையும் கீழே வாசிக்கிற குழலின் சுரத்துளைகளில் இருந்ததால் அவனால் அவற்றைத் திருக முடியவில்லை. எப்போதும் லாக்லன்தான் வந்து திருகிச் சுருதி சேர்ப்பார்.

“பூனை வாலை மிதிச்சுட்டான்டா!” என்றான் டூகல். மதிலோரம் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு லாக்லன் வந்தார்.

“ஊது. நிறுத்தாதே.”

ஒவ்வொரு குழலாகக் காது வைத்துத் திருகினார். மூன்றும் ஒரே ஒலியாயின. யாரும் சிரிக்கவில்லை. நீல் வாசித்துக்கொண்டே சவப்பெட்டிக்கு முன்னால் உள்ளே நடந்தான்.

மண் போட்டுவிட்டு வந்தபோது, லாக்லன் மதிலுக்கு வெளியேதான் நின்றிருந்தார். உள்ளே கால் வைக்கவேயில்லை.

“அண்ணனை மன்னிச்சுட்டீங்களா, ஐயா?”

“மன்னிக்க எனக்கு வரலை, நீல். சுருதி சேர்க்கத்தான் வரும். அதைச் செஞ்சேன்.”

இன்றைக்கு ஜெபத்துக்கு முழங்கால் போடும்போது, ஈவனுக்கும் அந்தக் குழந்தைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.