தலை குனிந்த ராணி

கீழக்கரிசல் ஜமீன்தார் ஒரு கதை எழுதிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சபைக்குச் சனி.

"'ராஜா பேசி முடித்ததும் ராணி தலை குனிந்தாள்.' இதுதான் கடைசி வரி. ஏன் குனிந்தாள்? சொல்லுங்கள்" என்றார்.

ஒரு புலவர் வெட்கம் என்றார். இன்னொருவர் துக்கம் என்றார். இரண்டும் தப்பாம்; இரண்டு பேருடைய மீசையும் அங்கேயே போயிற்று. நாவிதர் கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்குக் காத்திருந்தார். மிச்சப் புலவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஜமீன்தாருக்கு விசிறிக்கொண்டிருந்த ஆவுடைத்தாயின் கை ஒரு கணம் நின்றது. அவர் திரும்பினார்.

"என்ன, உனக்குத் தெரியுமோ? சொல்லு பார்ப்போம். தப்பாச் சொன்னா உன் தலை மொட்டை."

நாவிதர் எழுந்து வந்தார். ஆவுடைத்தாய் தலையைக் குனிந்து அப்படியே நின்றாள்.

"பாருங்கய்யா, பயத்துல தலை தானா குனியுது" என்று ஜமீன்தார் சிரித்தார்.

"பயமில்லீங்க எசமான்" என்றாள் அவள், நிமிராமலே. "உங்க நாற்காலிக்கு அடியில தேளு போற மாதிரி இருந்துச்சு. அதைத்தான் பாக்கேன்."

ஜமீன்தார் இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் குந்திவிட்டார். தலைப்பாகை தரையில் உருண்டது. ஆட்கள் தேடினார்கள். தேளைக் காணோம்.

"எதிர்ல நிக்கிற என் தலை எதுக்குக் குனிஞ்சதுன்னே எசமானுக்குத் தெரியல. கதையில இருக்கிற ராணி எதுக்குக் குனிஞ்சாங்கன்னு, எழுதினவுக சொல்லாம நாங்க எப்படிச் சொல்ல?"

சபை மொத்தமும் தலை குனிந்தது. சில தோள்கள் குலுங்கின.

நாற்காலிமேல் குந்தியிருந்த ஜமீன்தார், ஏன் என்று கேட்கவில்லை.