பதினேழாம் எண் பெட்டி

"பெரிய சுவர பியூலாகிட்ட குடுக்கப்போறீங்களாமே, மேடம்?"

கேட்டவர் இசக்கியப்பன். வயது ஐம்பத்திரண்டு. அகழாய்வுக் குழிகளில் பதினொரு வருடமாக மண் பார்க்கிறவர்.

அகழாய்வுத் தலைவர் திலகவதி அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். ஒரு பிடி மண்ணைப் பார்த்து, இங்கே அடுப்பு எரிந்தது, இங்கே மாடு கட்டினார்கள் என்று சொல்லிவிடுவார். இசக்கியப்பனுக்கு அவர்தான் குரு.

பெரிய சுவர் என்பது கட்டிய சுவர் அல்ல. மேட்டை நேராக வெட்டி இறக்கிய பக்கம். இரண்டாயிரம் வருடத்து மண் அதில் அடுக்கடுக்காகத் தெரியும். அதைப் படித்துச் சொல்கிறவர் பெயர் அறிக்கையில் ஏறும். அந்த ஒரு வரிக்காகத்தான் மனிதர் இத்தனை வருடம் வெயிலில் காய்ந்தார்.

"இன்னும் முடிவு பண்ணல, அண்ணாச்சி."

"அவ வந்து எட்டு மாசம்கூட ஆகல. மண்ணு சுரண்டுற கரண்டி பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"ஆமா."

அந்த 'ஆமா' அவரை இன்னும் எரித்தது. ஒளிப்பானேன், சில வாரமாகவே வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. பியூலா குழியில் ஒரு பானை மூடி கிடைத்தால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. அவள் யாரிடமாவது சிரித்துப் பேசினால், தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும்.

திலகவதி கொட்டகைக்குள் போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். செங்கல் அளவுதான் இருக்கும். சந்தேகமான இடத்தில் அதை மண்ணுக்குள் செருகி, அடுக்கு கலையாமல் அப்படியே பெயர்த்தெடுப்பார்கள். பெட்டிமேல் எண் மட்டும்தான் இருக்கும். இடம் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பார் திலகவதி.

"பதினேழாம் எண். படிங்க. படிச்சிட்டு, சுவர் யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

இசக்கியப்பன் தண்ணீர் தெளித்தார். லென்ஸை எடுத்தார்.

"மேல ஒரு விரக்கடை இறுகிக் கெடக்கு. மிதிச்சு மிதிச்சுப் படிஞ்சது."

"வீட்டுத் தரையா?"

"சாணி மெழுகல் இல்லையே. நடந்த பாதையும் இல்ல. ஒரே எடத்துல நின்னுருக்கான்."

"எத்தன பேரு?"

"ஒரே ஆளு. முன்பக்கம் அழுத்தம் ஜாஸ்தி. விரல ஊனி எதையோ எட்டிப் பாத்துருக்கான். பல நாளு."

"என்ன வேல செஞ்சான்?"

"சாம்பல் இல்ல, ஓட்டுத்துண்டு இல்ல. நின்னதத் தவிர ஒண்ணும் செய்யல."

"காவல்காரனோ?"

"காவல்காரன் சுத்தி வருவான்லா? இவன் வேலவெட்டி இல்லாத பய." சற்றுத் தள்ளித் தன் குழியில் இருந்த பியூலாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். சிரித்தும்கொண்டார். இப்படி ஒரு வாசிப்பு அவளால் முடியுமா?

"எந்தக் காலம், அண்ணாச்சி?"

மறுபடி குனிந்தார். பழைய மிதி என்றால் வேர் துளைத்திருக்க வேண்டும். மண்புழு கலைத்திருக்க வேண்டும். இதில் ஒரு மழைத்துளி விழுந்த தடம்கூட இல்லை.

கடைசி மழை பெய்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

லென்ஸைக் கீழே வைத்தார்.

"மேடம், இத எங்க வெட்டினீங்க?"

திலகவதி மோவாயால் காட்டினார். பியூலாவின் குழி விளிம்பில், செங்கல் அளவுக்கு மண் பெயர்க்கப்பட்டிருந்தது. அங்கே நின்று எட்டிப் பார்த்தால், அவள் குனிந்து வேலை செய்வது நன்றாகத் தெரியும். போய்ப் பார்க்காமலே இசக்கியப்பனுக்கு அது தெரியும்.

பெட்டியைத் தள்ளி வைத்தார். அவமானமாக இருந்தது.

"சுவர அவகிட்டயே குடுங்க."

"உங்க குழியிலயும் ஒரு பெட்டி வெட்டினேன், அண்ணாச்சி."

அவருக்குள் ஒரு சின்ன நப்பாசை தலைதூக்கியது.

"அதுல என்ன இருக்கு?"

"ஆள் நடமாட்டமே தெரியல."